பலன் இல்லாத மருந்தின் பக்கவிளைவு: டி.இ.எஸ். நிகழ்வு ஆய்வு

1966க்கும் 1969க்கும் இடையில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஏழு இளம்பெண்களுக்கு யோனியில் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. வயது 15 முதல் 22 வரை. மாதவிலக்குக்குச் சம்பந்தமில்லாத ரத்தப்போக்குதான் முக்கியமான அறிகுறி. அந்த வயதில் ரத்தப்போக்கு முறைதவறினால் எந்த மருத்துவரும் முதலில் ஹார்மோன் கோளாறு என்றுதான் நினைப்பார். புற்றுநோய் நினைவுக்கே வராது. யோனிப் புற்றுநோய் அரிது, வந்தாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. அதிலும் இந்த ஏழில் ஆறு ‘கிளியர் செல் அடினோகார்சினோமா’ என்னும் சுரப்பித் திசு வகை. சாதாரணமாகச் சுரப்பித் திசுவே இல்லாத உறுப்பில் இப்படியொரு கட்டி எப்படி முளைத்தது என்பது நோயியல் நிபுணர்களுக்கே புதிராக இருந்தது.

ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், ஹோவர்ட் உல்ஃபெல்டர் ஆகிய இரு மகப்பேறு மருத்துவர்கள் காரணத்தைத் தேடினார்கள். துப்பு கொடுத்தவர் நோயாளி ஒருவரின் தாய். மகள் வயிற்றில் இருந்தபோது தான் ஸ்டில்பெஸ்ட்ரால் (தலைப்பிலுள்ள டி.இ.எஸ். இதுதான்; கருச்சிதைவைத் தடுக்கக் கொடுத்த செயற்கைப் பெண் ஹார்மோன்) மாத்திரை சாப்பிட்டதாகவும், அதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குமா என்றும் அவர் உல்ஃபெல்டரிடம் கேட்டார். உடனே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் தாய் விழுங்கிய மாத்திரை மகளுக்குப் புற்றுநோயைக் கொடுக்கும் என்று எந்தப் பாடநூலும் அதுவரை சொன்னதில்லை. ஆனால் அடுத்தடுத்த தாய்மார்களிடம் விசாரித்தபோது அதே பதில் திரும்பத் திரும்ப வந்தது.

எட்டுக்கு ஏழு

வேறொரு பாஸ்டன் மருத்துவமனையில் இருந்த இன்னொரு நோயாளியையும் சேர்த்து எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் அதே மருத்துவமனையில், ஐந்து நாள் இடைவெளிக்குள், அதே வகை வார்டில் பிறந்த நான்கு ஆரோக்கியமான பெண்களைப் பிறப்புப் பதிவேட்டிலிருந்து தேடி எடுத்தார்கள். ஆக எட்டு நோயாளிகள், ஒப்பீட்டுக்கு முப்பத்திரண்டு பேர். நாற்பது தாய்மார்களிடமும் ஒரே கேள்விகள்: வயது, புகைப்பழக்கம், கர்ப்பகாலத்தில் எக்ஸ்ரே எடுத்தார்களா, தாய்ப்பால் கொடுத்தார்களா, முன்பு கரு கலைந்ததா, அந்தக் கர்ப்பத்தில் ரத்தப்போக்கு இருந்ததா, என்ன மருந்து சாப்பிட்டார்கள்.

விடைகள் வந்தன. புகைத்தவர்கள் எட்டில் ஏழு பேர், முப்பத்திரண்டில் இருபத்தொரு பேர். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எக்ஸ்ரே எட்டில் ஒருவர், முப்பத்திரண்டில் நால்வர். இரண்டும் ஒரே விகிதம். ஸ்டில்பெஸ்ட்ரால் எட்டில் ஏழு பேர். முப்பத்திரண்டில் ஒருவர்கூட இல்லை. அந்த ஏழு பேரும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே மாத்திரையைத் தொடங்கியவர்கள்.

நாற்பது பேரை மட்டும் வைத்து எழுதிய ஆய்வு இவ்வளவு உறுதியாகப் பேசுவது மருத்துவ வரலாற்றில் அபூர்வம். 1971 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அது வெளியானது. நியூயார்க் மாநிலத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் புரட்டியவர்களும் அதே கதையைக் கண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று அறிவித்தது.

ஆனால் அதே அட்டவணையில் ஒரு முள்ளும் இருந்தது. எட்டுத் தாய்மார்களில் ஆறு பேருக்கு முன்பே கரு கலைந்திருந்தது. மூன்று பேருக்கு அந்தக் கர்ப்பத்திலேயே ரத்தப்போக்கு இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் இவை மிகக் குறைவு. அப்படியானால் குற்றவாளி மாத்திரையா, அல்லது மாத்திரை எழுதக் காரணமாக இருந்த அந்தச் சிக்கலான கர்ப்பமேதானா? நியாயமான சந்தேகம் இது. விடை பின்னால் வருகிறது. வந்த இடம் யாரும் எதிர்பாராதது.

மருந்து எப்படி வந்தது

டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ்., 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கிய செயற்கை ஈஸ்ட்ரோஜன். வேதி அமைப்பில் இயற்கை ஹார்மோனைப் போல இல்லை. வேலையை மட்டும் அப்படியே செய்தது. இயற்கை ஈஸ்ட்ரோஜன் விலை அதிகம், வாய்வழியாகக் கொடுத்தால் சரியாக வேலை செய்யாது. இதுவோ மலிவு, மாத்திரையாகவே விழுங்கலாம். பிரிட்டன் அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் உருவானதால் காப்புரிமையும் இல்லை. எவர் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றதும் அமெரிக்காவில் மட்டும் சுமார் 200 நிறுவனங்கள் தயாரிக்கவோ விற்கவோ தொடங்கின.

1941இல் மாதவிடாய் நின்ற காலத்துத் தொல்லைகளுக்கும் வேறு சிலவற்றுக்கும் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. 1947இல் கருச்சிதைவைத் தடுக்கவும் அனுமதி கிடைத்தது. கர்ப்பமான எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் குட்டிகளின் பிறப்புறுப்பு சிதைகிறது என்று சிகாகோ பகுதியிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். எலி வேறு, மனிதர் வேறு என்று அது ஒதுக்கப்பட்டது.

கர்ப்பிணிகளிடம் இந்த மருந்தைக் கொண்டு சேர்த்தவர்கள் ஆலிவ் ஸ்மித், ஜார்ஜ் ஸ்மித் என்ற ஹார்வர்ட் தம்பதி. கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். சிறுநீரில் ஹார்மோன்களை ஆண்டுக்கணக்கில் அளந்த உழைப்பாளிகள். கர்ப்பம் கெடுவதற்கு முன் புரோஜெஸ்ட்ரோன் அளவு இறங்குவதைக் கண்டார்கள். டி.இ.எஸ். கொடுத்தால் நஞ்சுக்கொடி அதிக புரோஜெஸ்ட்ரோன் சுரக்கும், கர்ப்பம் நிலைக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆறாவது, ஏழாவது வாரத்தில் தினமும் 5 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, 35ஆவது வாரத்தில் தினமும் 125 மில்லிகிராம் வரை கொண்டுபோகும் அட்டவணை ஒன்றை வகுத்தார்கள். கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் மைக்ரோகிராமில் அளக்கப்படுவது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த அளவின் பிரமாண்டம் புரியும்.

1948இல் 632 கர்ப்பங்களின் விவரத்தை வெளியிட்டார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை வாங்கிய ஒப்பீட்டுக் குழு கிடையாது. மருந்து சாப்பிட்டார்கள், பெரும்பாலோருக்குக் குழந்தை பிறந்தது. ஆகவே மருந்து வேலை செய்கிறது. ரத்தக்கசிவு கண்ட கர்ப்பங்களில் பெரும்பங்கு மருந்தே இல்லாமலும் நிலைத்துவிடும் என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் கழிக்கப்படவில்லை. ஹார்மோன் இறங்குவதால் கரு கெடுகிறதா, கரு கெட்டுப்போனதால் ஹார்மோன் இறங்குகிறதா என்று யாரும் நின்று கேட்கவும் இல்லை. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதியோ அதற்கு மேலோ குரோமோசோம் கோளாறால் கலைபவை என்று இன்று தெரியும். அவற்றை எந்த ஹார்மோனும் பிடித்து நிறுத்தாது. கூரை ஒழுகும்போது தரையிலுள்ள ஈரத்தைத் துடைத்துக் கொண்டிருந்தது போலத்தான் அந்தச் சிகிச்சை.

விற்பனை அதற்கு மேல் போனது. 1950களில் வந்த ஒரு மருந்து விளம்பரம், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதை வழக்கமாகக் கொடுக்கலாம், குழந்தை பெரிதாகவும் பலமாகவும் பிறக்கும் என்றது. எந்தச் சிக்கலும் இல்லாத தலைப்பிரசவக்காரிக்குக்கூடச் சத்து மாத்திரையோடு சேர்த்து இது போனது.

சிகாகோ பதில் சொன்னது, யாரும் கேட்கவில்லை

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பிரசவ மருத்துவமனையில் வில்லியம் டீக்மான் குழுவினர் சரியான சோதனையைச் செய்தார்கள். 840 பெண்களுக்கு டி.இ.எஸ்., 806 பெண்களுக்கு வெற்று மாத்திரை. 1953இல் முடிவு வெளிவந்தது. கருச்சிதைவு குறையவில்லை, குறைமாதப் பிரசவம் குறையவில்லை, குழந்தை பெரிதாகவும் இல்லை. தெளிவான தோல்வி.

அதற்குப் பிறகும் 18 ஆண்டுகள் இந்த மருந்து கர்ப்பிணிகளுக்கு எழுதப்பட்டது. இந்த நிகழ்வில் எனக்குப் பொறுக்க முடியாத பகுதி இதுதான். 1971இல் வெளிப்பட்ட புற்றுநோயை 1953இல் யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்று வாதிடலாம். ஓரளவு ஒப்புக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் மருந்து வேலை செய்யாது என்பது 1953இலேயே தெரியும். பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஒரு தலைமுறை ஆகலாம். பலன் உண்டா என்ற கேள்விக்குச் சில ஆண்டுகள் போதும். பலன் பூஜ்யம் என்றால் எவ்வளவு சிறிய அபாயமும் நஷ்டக் கணக்குத்தான். பலன் பற்றிய கேள்வியோடு நிறுத்தியிருந்தால் பாதுகாப்பு பற்றிய கேள்வியே எழுந்திருக்காது.

குழந்தைகள் கை கால் குறையோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்தின் பேரழிவுக்குப் பிறகு 1962இல் அமெரிக்காவில் வந்த சட்டம், மருந்து பலன் தரும் என்பதற்கும் ஆதாரம் கேட்டது. பழைய மருந்துகளை ஆராய்ந்த வல்லுநர் குழு, கருச்சிதைவுத் தடுப்புக்கு டி.இ.எஸ்.ஸை ‘ஒருவேளை பலன் தரலாம்’ என்ற வகையில் வைத்தது. அந்த ‘ஒருவேளை’யின் தயவில் மருந்து கடையில் தொடர்ந்தது.

சிகாகோ சோதனை இன்னும் இரண்டு வேலைகள் செய்தது. 1978இல் அதே தரவுகளை வேறு ஆய்வாளர்கள் மறுபடி அலசினார்கள். டி.இ.எஸ். வாங்கிய குழுவில் கருச்சிதைவும், குறைமாதப் பிரசவமும், பிறந்த குழந்தைகளின் இறப்பும் உண்மையில் கூடியிருந்ததாக அவர்கள் எழுதினார்கள். காக்கக் கொடுத்த மருந்தே கெடுத்திருக்கிறது. இரண்டாவது, நான் முன்பு தள்ளி வைத்த சந்தேகத்துக்கு விடை. சிகாகோவில் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது தாயின் உடல்நிலையைப் பார்த்து முடிவானதல்ல. எனவே இரு குழுவிலும் பிறந்த பெண்கள் வளர்ந்த பின் அவர்களைப் பரிசோதித்தபோது, டி.இ.எஸ். பக்கத்து மகள்களிடம் மட்டும் யோனியிலும் கருப்பை வாயிலும் மாற்றங்கள் மிக அதிகமாகத் தென்பட்டதற்குச் சிக்கலான கர்ப்பத்தைக் காரணம் காட்ட முடியவில்லை. காரணம் மாத்திரைதான்.

அந்தச் சோதனைக்குள் இருந்த பெண்களில் பலருக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருப்பதே தெரியாது. ஏதோ மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டார்கள். பின்னாளில் பல்கலைக்கழகத்தின் மீது அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள்.

வயிற்றுக்குள் என்ன நடந்தது

கருப்பை, கருக்குழாய்கள், யோனியின் மேல்பகுதி எல்லாம் முல்லேரியன் குழாய்கள் என்ற ஒரே இரட்டைக் குழாயிலிருந்து உருவாகின்றன. தொடக்கத்தில் அதன் உட்பக்கம் முழுவதும் தூண் வடிவச் செல்கள். வளர வளர, யோனிப் பகுதியில் மட்டும் அந்தச் செல்கள் விலகி, தட்டையான பல அடுக்குச் செல்கள் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். டி.இ.எஸ். இந்த மாற்றத்தை நடுவழியில் நிறுத்திவிடுகிறது. இருக்கக் கூடாத இடத்தில் சுரப்பித் திசு தங்கிவிடுகிறது. அடினோசிஸ் என்று பெயர். மகள் பருவமடைந்து அவளுடைய சொந்த ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கிய பிறகு, அந்தத் திசுவிலிருந்து மிகச் சிலருக்குப் புற்றுநோய் தோன்றுகிறது. பதினான்கு, பதினைந்து வயதுக்கு முன் இந்த நோய் அநேகமாகக் காணப்படாததற்கு இது பொருந்தி வருகிறது.

கருப்பையின் வடிவமும் மாறுகிறது. எந்த இடம் குழாய், எந்த இடம் கருப்பை என்று எல்லை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்களின் வேலையை டி.இ.எஸ். இடம் மாற்றிவிடுவதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மகள்களை எக்ஸ்ரேயில் பார்த்தால், தலைகீழ் முக்கோணமாக இருக்க வேண்டிய கருப்பைக் குழி குறுகி, குறுக்குக் கட்டை வைத்த கம்பம்போல நிற்கும்.

கர்ப்பிணியின் உடலில் இயற்கையாகவே ஈஸ்ட்ரோஜன் ஏராளமாக இருக்கிறதே, அது ஏன் இதைச் செய்வதில்லை? இயற்கை ஹார்மோனில் பெரும்பகுதியை ரத்தத்திலுள்ள புரதங்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டி.இ.எஸ். அவற்றிடம் அவ்வளவாகச் சிக்காமல் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவை அடைகிறது.

புற்றுநோய் வந்தவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர் அளவுதான். செய்தித்தாள்கள் அதையே எழுதின. மற்ற 999 பேருக்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம் பரவியது. அது தவறு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் நீண்டகாலம் பின்தொடர்ந்த மகள்களின் கணக்கு 2011இல் வெளியானது. குழந்தையின்மை டி.இ.எஸ். மகள்களில் 33.3 சதவீதம், மற்றவர்களில் 15.5. குறைமாதப் பிரசவம் அதே வரிசையில் 53.3, 17.8. கருக்குழாயில் கரு தங்குவது 14.6, 2.9. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் கரு இழப்பு 16.4, 1.7. கருச்சிதைவைத் தடுக்க என்று தாய்க்குக் கொடுத்த மருந்து, கருச்சிதைவை மகளுக்குச் சொத்தாக எழுதி வைத்துவிட்டது. மகன்களுக்கும் விதைப்பை சார்ந்த குறைகள், முக்கியமாக எபிடிடிமிஸ் (விதையை ஒட்டிய விந்துக் குழாய்) நீர்க்கட்டிகள், கூடுதலாகக் காணப்பட்டன.

இந்தக் குழந்தைகள் பிறந்தபோது பிரசவ அறையில் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. கை, கால், இதயம், உதடு எல்லாம் சரி. தாலிடோமைடின் கொடுமை பிறந்த நொடியிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே சில ஆண்டுகளில் பிடிபட்டது. டி.இ.எஸ். பிடிபட முப்பது ஆண்டுகள் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழக்குகளைப் பற்றி ஒரு வரி. எந்த நிறுவனத்தின் மாத்திரையைத் தாய் சாப்பிட்டார் என்று நிரூபிக்க முடியாத மகள்களுக்காக, சந்தையில் எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு பங்கோ அந்த அளவுக்கு இழப்பீடு என்ற புதிய கோட்பாட்டைக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1980இல் வகுத்தது.

இந்தியாவில் ஒரு பக்கத்து நிகழ்வு

ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்ட்ரோனின் செயற்கை வடிவம்) அதிக அளவில் கலந்த மாத்திரையைக் கொடுத்து, ரத்தப்போக்கு வந்தால் கர்ப்பம் இல்லை, வராவிட்டால் கர்ப்பம் என்று பார்க்கும் முறை உலகம் முழுவதும் இருந்தது. 1967இல் பிரிட்டனில் இசபெல் கால் என்ற மருத்துவர், முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களில் இந்தச் சோதனை மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் அதிகம் என்று எழுதினார். அந்தத் தொடர்பு உண்மையானதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 2017இல் பிரிட்டன் வல்லுநர் குழு போதிய ஆதாரம் இல்லை என்றது, 2020இல் வேறொரு விசாரணை 1967லேயே அதை நிறுத்தியிருக்க வேண்டும் என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை. சிறுநீர்ச் சோதனை கைவசம் இருக்கும்போது, சிசுவுக்கு ஹார்மோன் ஊட்டிக் கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை. கேடு நிரூபணமாகும்வரை காத்திருக்க அங்கே ஒரு நியாயமும் இல்லை.

இந்தியாவில் இந்த மாத்திரைகள், நாள் தள்ளிப்போனால் கலைத்துவிடும் என்ற தவறான நம்பிக்கையிலும் விற்றன. கலைக்கவும் செய்யாது, கரு தங்கிவிட்டால் அதன் மேல் ஹார்மோன் பட்டதுதான் மிச்சம். 1982இல் தடை உத்தரவு வந்தது. நிறுவனங்கள் நீதிமன்றங்களில் தடைக்குத் தடை வாங்கின. பெண்கள் அமைப்புகள் விடாமல் போராடின. கடைசியில் 1988 ஜூனில், ஒரு மாத்திரையில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈஸ்ட்ரோஜனும் 3 மில்லிகிராமுக்கு மேல் புரோஜெஸ்டினும் கொண்ட கலவைகள், கருத்தடை மாத்திரைகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டன.

கோயில், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் ஊர்களில் கடையில் கேட்டு வாங்கும் நோரெதிஸ்டிரோன் என்ற புரோஜெஸ்டின் மாத்திரையையும் இங்கே சொல்ல வேண்டும். ஓரிரு நாள் தெரியாமல் சாப்பிட்டதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் தொடங்குவது சரியல்ல.

இன்றைய சீட்டில் எழுதப்படும் ஹார்மோன்

டி.இ.எஸ். கதையைக் கேட்டதும் எல்லா ஹார்மோனையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. தைராய்டு குறைவுள்ள பெண் கர்ப்பமானால் தைராக்சின் அளவைப் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும். பயந்து நிறுத்தினால்தான் குழந்தைக்குக் கெடுதல். அது உடலில் குறைந்ததை நிரப்புவது, இன்சுலினும் அப்படியே. கர்ப்பம் என்று தெரியாமல் கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களையும் சேர்த்து டென்மார்க்கில் சுமார் 8.8 லட்சம் பிறப்புகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் எல்லாக் குழுவிலும் பெரிய பிறவிக் குறைபாடு ஆயிரத்துக்குச் சுமார் 25தான். மறுபுறம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் டனசோல் என்ற செயற்கை ஹார்மோனும் பெண் சிசுவின் வெளியுறுப்பை ஆணின் சாயலுக்கு மாற்றக்கூடியவை. கர்ப்பத்தில் கூடவே கூடாது.

நம் மருத்துவமனைகளில் அதிகம் எழுதப்படுவது புரோஜெஸ்ட்ரோன். இதற்கு ஆதாரம் பாதி வழி வந்திருக்கிறது. காரணம் தெரியாமல் பலமுறை கரு கலைந்த 836 பெண்களிடம் நடந்த புராமிஸ் ஆய்வில் (2015) உயிருள்ள பிறப்பு 65.8 சதவீதம்; வெற்று மருந்துக்கு 63.3. சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. ஆரம்பக் கர்ப்பத்தில் ரத்தக்கசிவு கண்ட 4,153 பெண்களிடம் நடந்த பிரிஸம் ஆய்விலும் (2019) மொத்தத்தில் 75 சதவீதம்; வெற்று மருந்துக்கு 72. அதையும் பலன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேல் கருச்சிதைவு ஆகி, இப்போது ரத்தக்கசிவும் உள்ளவர்களில் 72 சதவீதம்; வெற்று மருந்துக்கு 57. அந்தக் குறிப்பிட்ட பெண்களுக்குப் பலன் இருக்க வாய்ப்பு அதிகம். எனவே பிரிட்டன் வழிகாட்டுதல், முன்பு கரு கலைந்து இப்போது ரத்தக்கசிவும் கண்டவர்களுக்கு மட்டும் 400 மில்லிகிராம் யோனி மாத்திரையை இருவேளை, 16 வாரம் வரை என்கிறது. கசிவும் இல்லை, கருச்சிதைவும் இல்லை, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எழுதப்படும் புரோஜெஸ்ட்ரோனுக்கு இந்த ஆய்வுகள் துணை நிற்கவில்லை.

இரு ஆய்விலும் பிறவிக் குறைபாடுகள் கூடவில்லை. இயற்கை புரோஜெஸ்ட்ரோன் டி.இ.எஸ். அல்ல. குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் என்று 2011இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி பெற்ற புரோஜெஸ்டின் ஊசி ஒன்று, 2019இல் வந்த பெரிய ஆய்வில் தோற்றது. 2023 ஏப்ரலில் அனுமதி ரத்தானது. இம்முறையும் பலன் இல்லை என்று தெரிந்ததற்கும் மருந்து கடையை விட்டுப் போனதற்கும் நடுவே நான்கு ஆண்டுகள்.

புரோஜெஸ்ட்ரோன் எழுதப்பட்ட பெண் தானாக நிறுத்த வேண்டாம். எனக்கு இது எந்தக் காரணத்துக்காக, எத்தனையாவது வாரம் வரை என்று மருத்துவரிடம் கேட்கலாம். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய வாரம், நிறுத்திய வாரம் ஆகியவற்றைப் பிரசவக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பைப் பழைய காகிதத்தோடு போடாமல் பிள்ளை வளர்ந்ததும் அவர் கையில் கொடுத்து வைப்பது நல்லது. அமெரிக்காவில் ஏராளமான டி.இ.எஸ். மகள்களுக்கு அப்படியொரு தாள் கிடைக்கவில்லை. மருத்துவர் இறந்திருந்தார், அல்லது மருத்துவமனை பதிவேட்டை அழித்திருந்தது.